20-க்கு 13: பொறியியல் கல்லூரி தேடிய கதை

போன வாரம் எங்கள் தெருத் தம்பி ஒருவர் கையில் ஒரு நீளத் தாளுடன் வந்தார். மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். தாள் முழுக்கக் கல்லூரிப் பெயர்கள். "நீங்க கவர்மெண்ட்ல இருந்தவரு சார், நாலும் தெரிஞ்சவரு. எதை முதல்ல போடலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றார். நான் வருவாய்ப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் இந்த விஷயத்தில் இரண்டு முறை அடிபட்டவன். மாணவனாக ஒரு முறை, தகப்பனாக ஒரு முறை. இரண்டாவது அடிக்குக் காரணம் நானேதான். அதனால் அந்தத் தம்பிக்குச் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

கொஞ்சம் பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

1794-ஆம் ஆண்டில் இரண்டு பள்ளிகள் பிறந்தன. ஒன்று சென்னையில். கம்பெனியின் வானியலாளர் மைக்கேல் டாப்பிங் சொன்ன யோசனைப்படி, நிலத்தை அளக்க ஆள் பழக்குவதற்காக ஆரம்பித்த நில அளவைப் பள்ளி. மற்றொன்று பாரிஸில். புரட்சிக்குப் பிறகு பொறியாளர் பஞ்சம் வந்தபோது தொடங்கிய பள்ளி. மறு ஆண்டே அதற்கு எகோல் பொலித்தெக்னிக் என்று பெயர் வந்தது. சென்னைப் பள்ளி 1859-இல் சிவில் இன்ஜினியரிங் கல்லூரியாக வளர்ந்து, 1920-இல் கிண்டிக்குக் குடி போனது. நமக்கெல்லாம் தெரிந்த கிண்டிப் பொறியியல் கல்லூரி அதுதான். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் எனக்குப் பொலித்தெக்னிக் கதையை வாத்தியார் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தார். கிண்டிக்கும் அதே வயது என்று நான் தெரிந்துகொண்டது வேலைக்குப் போன பிறகுதான்.

பாரிஸ் பள்ளியில் சேர ஆரம்பத்திலிருந்தே போட்டித் தேர்வு உண்டு. கோன்கூர் என்பார்கள். பக்கலோரெயா முடித்தபின் இரண்டு வருடம் கணக்கிலும் இயற்பியலிலும் மாணவனை வறுத்து எடுத்து, அதன் பிறகு தேர்வு வைப்பார்கள். நம் பக்கம் அப்படியில்லை. படித்து வாங்கிய மதிப்பெண், விண்ணப்பம், நேர்முகம், அரசாங்க ஒதுக்கீடு. யாருக்கு இடம் என்பதை ஓர் அலுவலகம் முடிவு செய்யும்.

அந்த ஒதுக்கீட்டுக்குப் பெரிய சரித்திரம் இருக்கிறது. பழைய சென்னை மாகாணத்தில் கம்யூனல் ஜி.ஓ. என்று ஓர் ஆணை இருந்தது. 14 இடம் இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பிரிப்பார்கள். 1951-இல் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லாது என்றது. செண்பகம் துரைராஜன் வழக்கு என்று எல்லோரும் சொல்வது மருத்துவக் கல்லூரி பற்றியது. அதோடு சேர்த்துத் தீர்ப்பான இன்னொரு வழக்கைப் பலர் மறந்துவிட்டார்கள். சீனிவாசன் என்ற மாணவர் போட்ட அந்த வழக்கு, கிண்டிப் பொறியியல் கல்லூரியில் இடம் கேட்டுத்தான். தீர்ப்பை எதிர்த்துத் தமிழகத்தில் கிளர்ச்சி எழுந்தது. அதே வருடம் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்து, பிற்பட்டோருக்கு ஒதுக்கீடு செய்ய வழி பிறந்தது. நாட்டின் முதல் அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பின்னால் ஓர் இன்ஜினியரிங் சீட்டும் இருக்கிறது என்பதை நினைத்தால் இன்றைய பெற்றோரின் பதற்றம் அவ்வளவு புதிதாகத் தெரியாது.

அந்தக் காலத்தில் கல்லூரிகளை விரல் விட்டு எண்ணலாம். கிண்டி. 1945-இல் கோவை அரசுக் கல்லூரியும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பிரிவும். 1951-இல் பி.எஸ்.ஜி., 1952-இல் காரைக்குடி அழகப்பா, 1957-இல் மதுரை தியாகராசர். 1959-இல் சென்னை ஐ.ஐ.டி., 1964-இல் திருச்சி ஆர்.இ.சி., 1966-இல் சேலம். இன்னும் ஒன்றிரண்டு சேர்க்கலாம், அவ்வளவே.

நம் புதுவையில் ஒன்றுகூட இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் இங்கே 1838-இல் சட்டப் பள்ளி வைத்தார்கள், 1863-இல் மருத்துவப் பள்ளி வைத்தார்கள். பொறியியலுக்கு மட்டும் எதுவும் வைக்கவில்லை. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறிய பிறகும் முப்பது வருடம் நமக்குச் சொந்தப் பொறியியல் கல்லூரி கிடையாது. அண்டை மாநிலக் கல்லூரிகளில் நம் பிள்ளைகளுக்கென்று சில இடங்கள் கிடைக்கும். விண்ணப்பித்தவர்களை வரிசைப்படுத்தி, நம் அரசு ஆள் அனுப்பும். அந்தச் சில இடங்களுக்குத்தான் ஊரே காத்திருக்கும்.

நான் 1969-இல் பக்கலோரெயா 'சே' பிரிவு முடித்தேன். கணக்கும் இயற்பியலும் பிரதானம். அப்பா ரோடியர் மில்லில் கணக்குப் பிள்ளை. 1962 ஆகஸ்ட் 16-இல் ஒப்பந்தம் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமானால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. "இந்த ஊர்ல பொறந்தோம், இந்த ஊர்லயே இருப்போம்" என்றார். அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. என்னோடு படித்தவர்களில் எழுதிக் கொடுத்த வீட்டுப் பிள்ளைகள் சிலர் கப்பலேறிப் போனார்கள். அங்கே இரண்டு வருடம் வறுபட்டு, கோன்கூர் எழுதி, பொறியாளர் ஆனவர்களும் உண்டு. எனக்கு வழி உள்ளூர் அலுவலகம்தான்.

என் மதிப்பெண் 20-க்கு 13. பிரெஞ்சு முறை தெரிந்தவர்களுக்கு இது புரியும். 10 வாங்கினால் தேர்ச்சி. 12 வாங்கினால் 'அசே பியென்', அதாவது பரவாயில்லை, நன்று. 14-க்கு 'பியென்'. 16-க்கு மேல் 'த்ரே பியென்', அதைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். பிரெஞ்சு வாத்தியார்கள் கஞ்சர்கள். 20 கடவுளுக்கு, 19 வாத்தியாருக்கு என்று வகுப்பில் கேலியாகச் சொல்வோம். 13 வாங்கி வந்த அன்று அம்மா தெருவுக்கே சர்க்கரை கொடுத்தார்.

விண்ணப்பத்தோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த குமாஸ்தா நல்ல மனிதர், கோபப்படாதவர். என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு துண்டுத் தாளில் 13-ஐ 5-ஆல் பெருக்கினார். 65 என்று எழுதி வட்டம் போட்டார். "அறுபத்தஞ்சு பர்சென்ட் தம்பி" என்றார். பி.யு.சி. படித்து வந்தவர்கள் எண்பதும் தொண்ணூறும் வைத்திருந்தார்கள். வரிசையில் நான் எங்கே நின்றிருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிரெஞ்சு–இந்திய ஒப்பந்தத்தில் பக்கலோரெயாவுக்கும் ப்ரெவேக்கும் இந்தியச் சான்றிதழ்களோடு இணைமதிப்பு உண்டு என்று தனியாக எழுதியிருக்கிறது. அதை அந்தக் குமாஸ்தாவும் மறுக்கவில்லை. சான்றிதழ் சமம்தான். ஆனால் மதிப்பெண் சமமா என்று ஒப்பந்தம் எழுதியவர்கள் யாரும் யோசிக்கவில்லை. இரண்டு படியில் அளந்த நெல்லை ஒரே படியில் அளந்ததாக நினைத்து விலை போட்டால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

சிதம்பரம் பக்கத்தில்தான், ஆனால் விடுதிச் செலவோடு ஐந்து வருடம் படிக்க வைக்கும் சக்தி அப்பாவுக்கு இல்லை. கீழே இரண்டு தங்கைகள். சில வருடம் கழித்து எல்.டி.சி. வேலை கிடைத்தது. பிரெஞ்சு தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. நொத்தேர் எழுதிய பழைய பத்திரங்களைப் படித்துச் சொல்ல என்னைக் கூப்பிடுவார்கள். பொறியாளர் ஆக வேண்டியவன் பொறியாளர்களின் கோப்புகளைக் கட்டினேன்.

பிறகு தாலுகா அலுவலகத்தில் பல வருடம். குடியிருப்பு, சாதி, வருமானச் சான்றிதழ்கள். பொறியியல் கல்வியின் சரித்திரத்தை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. மே, ஜூன் மாதங்களில் என் மேசையில் ஏறிய விண்ணப்பக் கட்டின் உயரத்தில் படித்தேன். எழுபதுகளில் அந்தக் கட்டு கைக்குள் அடங்கும். எண்பதுகளின் நடுவில் சட்டென்று உயர்ந்தது.

காரணங்கள் இரண்டு. ஒன்று, 1984 வாக்கில் எம்.ஜி.ஆர். அரசு தமிழகத்தில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்தது. பெருந்துறை கொங்கு, சிவகாசி மெப்கோ, வேலூர் கல்லூரி எல்லாம் அந்த 1984-இல் பிறந்தவை. அரசிடம் பணமில்லை, படிக்கப் பிள்ளைகள் நிறைய, தனியார் நடத்தட்டும் என்ற கணக்கு. மாணவர்களைத் தேர்ந்தெடுக்க நுழைவுத் தேர்வும் அதே ஆண்டு வந்தது. இரண்டாவது காரணம் நம் ஊருக்கே உரியது. ஏழாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் பிள்ளைச்சாவடியில் புதுவைப் பொறியியல் கல்லூரி எழுந்தது. நம் பிள்ளைகள் வீட்டுச் சோறு சாப்பிட்டுக்கொண்டே இன்ஜினியரிங் படிக்கலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது. காரைக்கால், மாகே, ஏனாம் பிள்ளைகளுக்கும் அதில் தனிப் பங்கு உண்டு. அந்தக் கல்லூரிதான் 2020-இல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆனது.

தனியார் வந்ததும் 'டொனேஷன்' என்ற சொல்லும் வந்தது. தானம் என்று பொருள். வாங்குகிறவர் தொகையைச் சொல்லி வாங்கும் தானம்! 1992-இல் தமிழக அரசு நன்கொடை வசூலைத் தடை செய்து சட்டம் போட்டது. 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தனியார் கல்லூரி இடங்களை இரண்டாகப் பிரித்தது. பாதி, அரசுக் கட்டணத்தில் தகுதி அடிப்படையில். மீதிப் பாதி, கூடுதல் கட்டணத்தில். அந்தக் கட்டணத்துக்கும் வரம்பு உண்டு. ஃப்ரீ சீட், பேமெண்ட் சீட் என்று டீக்கடையில்கூடப் பேசிக்கொண்டார்கள். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் தமிழகத்தில் ஒற்றைச் சாளர முறை வந்தது. ஊர் ஊராக அலைந்து கல்லூரிக்குக் கல்லூரி விண்ணப்பம் வாங்கியவர்களுக்கு அது பெரிய ஆறுதல். நம் பக்கம் அதே வேலையைப் பிற்பாடு சென்டாக் செய்தது.

இப்போது என் இரண்டாவது கதை.

என் மகள் 1997-இல் பிளஸ் டூ முடித்தாள். நல்ல மதிப்பெண், ஆனால் உச்சம் இல்லை. நம் அரசுக் கல்லூரியில் அவளுக்குச் சிவில் கிடைக்கும் நிலை. கம்ப்யூட்டர் கிடைக்காது. அவள் கேட்டதும் சிவில்தான். சின்ன வயதிலிருந்தே எங்கே வீடு கட்டினாலும் நின்று பார்ப்பாள். கடற்கரையில் பழைய துறைமுகப் பாலத்தின் மிச்சத் தூண்களைக் காட்டி, "இது மட்டும் எப்படிப்பா இன்னும் நிக்குது?" என்று கேட்பாள்.

நான் என்ன செய்தேன்? அலுவலகத்தில் விசாரித்தேன். எல்லோரும் ஒரே பாட்டு. "பொம்பளப் புள்ளைய சிவில்ல போட்டு வெயில்ல நிக்க வைக்கப் போறீங்களா? கம்ப்யூட்டர் எடுங்க சார், அமெரிக்காதான்." அது ஒய்.டூ.கே. என்று உலகமே கம்ப்யூட்டர் ஆள் தேடிய நேரம். எல்லைக்கு அப்பால் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் இடம் இருப்பதாகச் சொன்னார்கள். போனேன். ரசீது உள்ள தொகை ஒன்று சொன்னார்கள், ரசீது இல்லாத தொகை ஒன்று சொன்னார்கள். 1992 சட்டம் எனக்குத் தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எத்தனையோ பேருக்கு ஒழுங்கு பற்றிச் சொன்னவன் நான். மனைவியின் நகையை அடகு வைத்து இரண்டையும் கட்டினேன். கட்டிவிட்டு வந்துதான் மகளிடம் சொன்னேன்.

"சிவில் வேணும்னு சொன்னேனேப்பா" என்றாள். ஒரே ஒரு முறைதான் சொன்னாள்.

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது, நாலு வருஷம் கழிச்சு என்னைக் கும்பிடுவ" என்றேன்.

நாலு வருடம் கழித்து, 2001. அமெரிக்காவில் இணையக் கம்பெனிகள் சரிந்து, இங்கே வேலைக்கு எடுத்தவர்களையே எப்போது சேர்ப்பது என்று தெரியாமல் கம்பெனிகள் தள்ளிப் போட்ட வருடம். அவள் கையில் முதல் வகுப்புப் பட்டம் இருந்தது, வேலை இல்லை. இரண்டு வருடம் வீட்டில் இருந்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு வங்கித் தேர்வு எழுதித் தேறினாள். இன்றும் வங்கியில்தான் இருக்கிறாள். நல்ல பதவி, நல்ல குடும்பம். குறை சொல்ல எதுவுமில்லை.

ஆனால் 2009-இல் அவர்கள் வீடு கட்டியபோது நானும் கூட நின்றேன். தூணுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார் மேஸ்திரி. ரிங் கம்பிக்கு இடைவெளி அதிகமாக இருக்கிறது, நெருக்கிக் கட்டுங்கள் என்று இவள் சொன்னாள். அவர் மறுக்க, இவள் வரைபடத்தை விரித்துக் காட்டினாள். அவர் டேப் வைத்து அளந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அம்மா சிவில் இன்ஜினியருங்களா?" என்று கேட்டார். "இல்லண்ணே, பேங்க்ல இருக்கேன்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் தண்ணீர் குடிப்பதுபோல அந்தப் பக்கம் போய்விட்டேன்.

1969-இல் ஒரு குமாஸ்தா என் சான்றிதழைப் பார்த்து, 13-ஐ 5-ஆல் பெருக்கினார். வாழ்நாள் முழுவதும் அவரை மனதுக்குள் திட்டினேன். 1997-இல் நானும் ஒரு குமாஸ்தா. என் பெண்ணைப் பார்த்து நானும் ஒரு பெருக்கல்தான் போட்டேன். அவர் முன்பின் தெரியாத பையனுக்குப் போட்டார். நான் தூணைக் காட்டிக் கேள்வி கேட்ட என் சொந்தப் பெண்ணுக்குப் போட்டேன்.

மிச்சச் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் உன்னிகிருஷ்ணன் திட்டத்தை எடுத்துவிட்டது. தமிழகக் கல்லூரிகள் பெருகிப் பெருகி ஒரு கட்டத்தில் ஐந்நூறைத் தாண்டின. நமக்குக் காரைக்காலில் 2010-இல் என்.ஐ.டி. வந்தது. நாங்கள் ஓர் இடத்துக்காக ஏங்கிய இதே மண்ணில், பிற்பாடு பல கல்லூரிகளில் இடங்கள் காலியாகக் கிடந்தன, சில கல்லூரிகள் மூடவும் செய்தன.

இதில் என்னை நிறுத்தியது ஒரு சட்டம். தமிழகம் 2006-இல் நுழைவுத் தேர்வை நீக்கச் சட்டம் போட்டது. 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும். வேறு வாரியத்தில் படித்த பிள்ளைகளை எப்படி வரிசைப்படுத்துவது என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்திலேயே பதில் வைத்தார்கள். ஒவ்வொரு வாரியத்திலும் ஒரு பாடத்தில் முதல் மாணவர் வாங்கிய மதிப்பெண்ணை, மாநில வாரியத்தின் முதல் மதிப்பெண்ணுக்குச் சமமாக வைத்துக்கொண்டு, மற்றவர்களுடையதை அதே விகிதத்தில் ஏற்ற வேண்டும். இங்கே முதல் மதிப்பெண் 100, அங்கே 96 என்றால், அங்கே 72 வாங்கியவருக்கு 75. செய்தித்தாளில் இதைப் படித்த அன்று பென்சில் எடுத்துக் கணக்குப் போட்டேன். எங்களில் முதலில் வந்தவர் 16. அந்த விகிதத்தில் என் 13, 81 ஆகிறது. 38 வருடம் கழித்து எனக்கு விடை கிடைத்தது. யாரிடம் காட்டுவது? தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இவ்வளவுதான். கல்லூரிப் பெயர்ப் பலகையைப் பார்க்காதீர்கள், உங்கள் பையன் சேரப்போகும் துறையைப் பாருங்கள். என்.பி.ஏ. அங்கீகாரம் துறை துறையாகத் தருவது. கல்லூரி முழுமைக்கும் இருப்பதாகச் சொன்னால் எந்தத் துறைக்கு, எந்த வருடம் வரை என்று கேளுங்கள். விளம்பரத்தில் உள்ளவர்களிடம் கேட்காதீர்கள். கல்லூரி வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும் மூன்றாம் வருடப் பிள்ளைகளிடம் கேளுங்கள், உண்மையைச் சொல்லிவிடுவார்கள். போன வருடம் எந்த இடத்தில் தரவரிசை முடிந்தது என்று பாருங்கள். விருப்பப் பட்டியலைக் கிடைக்குமா கிடைக்காதா என்று பயந்து போடாமல், உண்மையில் எது முதலில் வேண்டுமோ அதை முதலில் போடுங்கள். ரசீது தராத பணம் ஒரு ரூபாய் என்றாலும் எழுந்து வந்துவிடுங்கள். நான் வரவில்லை, நீங்கள் வந்துவிடுங்கள்.

எல்லாம் குறித்துக்கொண்டார். "பையன் என்ன கேக்கறான்?" என்றேன்.

"அவன் என்ன சார் கேக்கப் போறான், சின்னப் பையன்" என்றார்.

தாளை மடித்து அவர் கையில் கொடுத்தேன். "போய் அவனைக் கூட்டிட்டு வாங்க. நீங்க வெளித் திண்ணையில உக்காருங்க, நான் அவன்கூடத் தனியாப் பேசணும்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.